மொறிஸ் மைனர் பிக்கப்புக்கு டிஸ்க் பிறேக் தேவையா?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

என்னிடம் 1961 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று இருக்கிறது. 948 சிசி எஞ்சின். பிறேக்கை மிதித்து வண்டி நிற்பதற்குள் அடுத்த சந்தி வந்துவிடுகிறது. முன் சில்லுகளுக்கு, சுழலும் தட்டைக் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிறேக் போடலாம் என்று யோசிக்கிறேன். இங்கிலாந்தில் இதற்கென்றே முழுத் தொகுதியாக விற்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இடம்: யாழ்ப்பாணம்.

பதில், 9 ஜனவரி 2023, காலை

போட வேண்டாம். காசு மிச்சம்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எங்கள் ஊரில் வண்டி ஏறி இறங்கும் ஒரே மேடு மதகுதான். என்னுடையதும் அதே ஆண்டு, அதே எஞ்சின். என் ஐயா சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிய வண்டி. தொழிற்சாலை சொன்ன சுமை ஐந்து அந்தர், அதாவது கால் தொன். ஐயா ஏற்றியதை இங்கே எழுதினால் பொய் என்பீர்கள். நான்கு சில்லிலும் ஏழு அங்குல டிரம், சில்லோடு சுழலும் சட்டி. அதோடுதான் அத்தனை காலமும் நின்றது.

தம்பி, முதலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றுங்கள். பெடல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஒரு முறை மிதித்தால் கீழே போய், இரண்டாம் முறை மேலே வந்தால் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூக்கள் அதைவிட்டு விலகி நிற்கின்றன, இறுக்க வேண்டும். பஞ்சு போல் அமுங்கினால் உள்ளே காற்று. காலை அழுத்தி வைத்திருக்க மெல்ல மெல்ல இறங்கினால் மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், ஒயிலை அடைத்து நிற்கும் கப் றபர் போய்விட்டது. கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்காவிட்டால் ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கில் ஒயிலோ கிரீஸோ பட்டிருக்கிறது, அல்லது லைனிங்கே கண்ணாடியாகி மினுங்குகிறது. இந்த நான்கில் எது என்று தெரியாமல் டிஸ்க் வாங்குவது, காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை தைப்பது போல.

இறுக்குவது சுலபம். சில்லின் துளையையும் டிரம்மின் துளையையும் நேராக்கி, ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு, சில்லு அசையாத வரை இறுக்கி, ஒரு பல் பின்வாங்குங்கள். ஒவ்வொரு சில்லிலும் இரண்டு இடம்.

9 ஜனவரி 2023, இரவு

பிழையாக எழுதிவிட்டேன். முன் சில்லுகளில்தான் இரண்டு. பின் சில்லுகளில் ஒன்றுதான். இரண்டாவதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குள் போய்ப் படுங்கள்.

14 ஜனவரி 2023

கேள்வி கேட்ட தம்பியைக் காணவில்லை. கொக்குவிலிலிருந்து வேறொருவர் எழுதியிருக்கிறார்: சில்லில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் றபர்களைப் புதிதாகப் போட்டும், மிதித்த பிறேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறதாம்.

ஐயா, எதில் கழுவினீர்கள்? மண்ணெண்ணெயிலா?

இந்த வியாதிக்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது. போர்க்காலத்தில், பெற்றோல் அரிதான பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்புரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கையில் எப்போதும் மண்ணெண்ணெய் மணம். போல்ட் கழுவினாலும் அதுதான், கை கழுவினாலும் அதுதான். அந்தப் பழக்கத்தில் ஒரு பட்டறையில் என் வண்டியின் கப் றபர்களையும் அதிலேயே அலசிப் போட்டுத் தந்தார்கள். மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஒயில் எல்லாம் கனிம எண்ணெய். பிறேக் றபருக்கு அது ஆகாது, ஊறிப் பருத்துவிடும். பருத்த கப் சிலிண்டருக்குள் ஆப்பு அடித்தது போல் இறுகிக்கொள்ளும். சங்குவேலிச் சந்தியில் என் வண்டியை நாலு பேர் தள்ளியும் அசையவில்லை.

பிறேக் ஒயிலாலேயே கழுவுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிற். புதிய றபர் போட்டு முழு ஒயிலையும் மாற்றுங்கள். பழையதில் ஒரு சொட்டுக்கூட மிஞ்சக்கூடாது.

2 பெப்ரவரி 2023

டிஸ்க்தான் மேல் என்று ரொறன்ரோவிலிருந்து எழுதிய நண்பருக்கு: நீங்கள் சொல்வது சரி, டிஸ்க் காற்றுப்பட நிற்கிறது, சூடு சீக்கிரம் ஆறும். டிரம் ஒரு மூடிய சட்டி. ஆனால் மைனரின் முன் டிரம்மைச் சாதாரண டிரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சில்லுக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூவும் சுழற்சியின் திசையைப் பார்த்து நிற்கும். டிரம் சுழலும்போது ஷூவின் நுனியைத் தானே உள்ளே இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். காலால் கொஞ்சம் கொடுத்தால் போதும், மீதியை வண்டியின் ஓட்டமே செய்துகொடுக்கும். டிஸ்க்கில் இந்தத் தானியக்கம் இல்லை. காலால் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான். காலுக்கு உதவும் சேர்வோ இல்லாமல் டிஸ்க் போட்டுவிட்டு "பெடல் கனமாக இருக்கிறது" என்று புலம்புபவர்கள் இதைத்தான் புலம்புகிறார்கள்.

20 ஏப்ரல் 2023

முதல் குறிப்பில் "போட வேண்டாம்" என்று எழுதிய ஆள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.

மச்சான் நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போனார். புதுவருட லீவில் அவருடைய மேசை, கட்டில், தையல் மெசின் எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏறும்போது இரண்டாம் கியரில் முனகியபடி ஏறியது. எஞ்சின் கொதித்ததே தவிர வேறு குறையில்லை. திரும்பும்போது மச்சான் நாலு மூட்டை கரட்டும் லீக்சும் தலையில் கட்டிவிட்டார். நானும் சந்தோசமாக மூன்றாம் கியரில் றம்பொடை இறக்கத்தில் இறங்கினேன்.

முதல் பத்து முடக்கு நல்லாகத்தான் பிடித்தது. பிறகு பெடல் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு ஒரு கருகல் மணம். வெளியே யாரோ றபர் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த முடக்கில் மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது, வண்டி நிற்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தேன். முழங்கால் நடுங்கியது. இரண்டாம் கியருக்கு இறக்கியபோது எஞ்சின் அலறியது. ஒரு வழியாக மலைப்பக்க வடிகாலில் இடதுசில்லை இறக்கி நிறுத்தினேன். முதலாம் கியருக்கு, ஓட்டத்தில் பல்லோடு பல்லைப் பொருத்தித் தரும் சிங்க்ரோமெஷ் கிடையாது, ஓட்டத்தில் போட முடியாது என்பது இந்த வண்டிக்காரர் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்து என்ன பயன்?

டிரம் சூடானால் விரியும். ஷூவிலிருந்து விலகிப் போகும். அதனால்தான் பெடல் தாழ்ந்தது. லைனிங் அளவு கடந்து சூடானால் உராய்வை இழந்துவிடும். அதனால்தான் கல்லாக இருந்தும் நிற்கவில்லை. ஒயில் கொதித்திருந்தால் பெடல் பஞ்சாகியிருக்கும்; அதுவரை போகவில்லை. டொட் 4 தரப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்காது தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு 155 தாங்கினால் போதும் என்பதுதான் விதி. என்னுடைய ஒயில் எந்த வருடத்தில் ஊற்றியது என்பது எனக்கே ஞாபகம் இல்லை.

முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். தேயிலை லொறிக்காரர் ஒருவர் நிறுத்திக் கேட்டார்.

"எத்தனையாம் கியரில் வந்தீர்கள் ஐயா?"

"மூன்று."

"ஏறும்போது?"

"இரண்டு."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. என் முகத்தையும் கரட் மூட்டையையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து புசல்லாவை வரை இரண்டாம் கியரில் நத்தை போல் இறங்கினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

23 ஏப்ரல் 2023

"இரண்டில் ஏறிய மலையை மூன்றில் இறங்கியது உங்கள் பிழை, பிறேக்கினுடையது இல்லை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கணக்குப் பாருங்கள். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதற்கும் எண்பதில் போவதை நிறுத்துவதற்கும் டிரம் விழுங்கவேண்டிய சூடு ஒன்றுக்கு ஒன்றே முக்கால். ஐயா காலத்தில் ஏ9 வீதியில் எண்பதில் போக வழியே இல்லை. இப்போது காப்பெற் வீதியில், எண்பதில் போனால்கூடப் பின்னால் வருபவன் லைற் அடிக்கிறான். இரவில் கிளிநொச்சி தாண்டினால் நடுவீதியில் மாடு படுத்திருக்கிறது. வண்டி மாறவில்லை, வீதி மாறிவிட்டது. அதனால் ஏதாவது செய்யத்தான் வேண்டும்.

ஏதாவது என்றால் டிஸ்க் என்று இன்னும் நான் சொல்லவில்லை.

11 மே 2023

தெரிவுகளைக் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். 1962 இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது தொழிற்சாலையே முன் டிரம்மை எட்டு அங்குலமாக்கியது. சிலிண்டரும் ஷூவும் பூட்டி நிற்கும் அந்தப் பின்தட்டும், ஷூவும் டிரம்மும் பழைய வண்டியின் முன் அச்சில் அப்படியே ஏறும். அதைவிடப் பெரிது வேண்டுமென்றால் ரைலி ஒன் பொயின்ற் ஃபைவ் காரின் ஒன்பது அங்குலம். அந்தக் காரே மைனரின் அடித்தளத்தில் கட்டியதுதான். ஆனால் இந்த நாட்டில் ரைலியைத் தேடுவதைவிடப் பெண் தேடுவது சுலபம். மொறிஸ் மரீனா காரின் முன்பக்கமும் மைனரின் வாரிசு. அதன் டிஸ்க்கை மாற்றிப் போட்டவர்கள் இங்கிலாந்தில் நிறைய. கடைசியாக, டிஸ்க்கைக் கவ்வும் ஃபோர்ட் கலிப்பரோடு வரும் புதிய தொகுதிகள்.

நான் எட்டு அங்குலம் எடுக்கிறேன். லண்டனில் இருக்கும் அண்ணை மகன் ஓகஸ்ட் திருவிழாவுக்கு வருகிறான். பின்தட்டுகள் பழையவை, சிலிண்டரும் ஷூவும் புதியவை, பெட்டிக்குள் வரும். சொக்கிலேற் குறையும் என்று அண்ணிக்குச் சொல்லியாகிவிட்டது.

27 ஓகஸ்ட் 2023

போட்டாகிவிட்டது. முன்பைவிட மோசம்.

ஆம், மோசம். ஏழு அங்குலத்தில் நின்ற தூரத்தைவிட எட்டு அங்குலத்தில் கூடப் போகிறது. எயர் இரண்டு முறை எடுத்தாயிற்று. பெடல் உயரமாக, கெட்டியாக இருக்கிறது. லைனிங் கள்ளச் சரக்காக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

4 செப்டெம்பர் 2023

லைனிங்கைக் கழற்றி மணற்தாளால் தேய்த்தேன். பயனில்லை. இருநூறு கிலோமீற்றர் ஓடினால் படிந்துவிடும் என்று ஒருவர் எழுதினார். ஓடினேன். படியவில்லை.

10 செப்டெம்பர் 2023

யாரும் சிரிக்கக்கூடாது.

நேற்று வளவுக்குள் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். கோழி ஒன்று குறுக்கே ஓடியது. மிதித்தேன். சுவரில் மோதியது போல் நின்றது, என் தலை பின் கண்ணாடியில் முட்டியது. முன்னுக்குப் போகும்போது நிற்காத வண்டி பின்னுக்குப் போகும்போது ஏன் இப்படி நிற்கிறது?

இடதுபக்கப் பின்தட்டை வலதிலும் வலதை இடதிலும் போட்டிருக்கிறேன். பெப்ரவரியில் நானே மேடை போட்டு விளக்கினேனே, இரண்டு ஷூவும் சுழற்சியின் திசையைப் பார்த்து நிற்கும் என்று? மாற்றிப் போட்டால் இரண்டும் திசைக்கு எதிராக நிற்கும். டிரம் அவற்றை உள்ளே இழுக்காது, வெளியே தள்ளும். பின்னுக்குப் போகும்போது மட்டும் அமோகமாகப் பிடிக்கும். பிறேக் ஹோஸ் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நின்றதை அன்றே பார்த்தேன். "சரி, கொஞ்சம் நீளம் குறைவாக அனுப்பிவிட்டார்கள்" என்று லண்டன் கடைக்காரனைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

கடைக்காரரிடமும் லைனிங்கிடமும் மன்னிப்பு. கோழிக்கு நன்றி.

12 செப்டெம்பர் 2023

மாற்றிப் போட்டேன். இப்போது பேசலாம். எண்பதில் மிதித்தால் நேர்கோட்டில் நிற்கிறது, பெடலுக்குக் கால் பாரம் குறைந்திருக்கிறது. இன்னொன்று: சரியாகப் பொருத்திய மைனரே பின்னுக்கு உருளும்போது கொஞ்சம் சோம்பல்தான். ஏற்றத்தில் முகம் மேலே பார்க்க நிறுத்தினால் கைப்பிறேக்கையும் இழுங்கள். கண்டியில் மாணவர்களை ஏற்றிய வான் ஒன்றின் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் இதை நான் கற்றுக்கொண்டேன்.

30 செப்டெம்பர் 2023

கொழும்பிலிருந்து: "சேர்வோ போட்டால் எல்லாம் சரியாகும்." ஆகாது. சேர்வோ காலுக்கு உதவி. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்து உங்கள் மிதியைப் பெருக்கித் தரும். டிரம் விழுங்கும் சூட்டை அது ஒரு பாகைகூடக் குறைக்காது. றம்பொடையில் எனக்குச் சேர்வோ இருந்திருந்தால் முழங்கால் நடுங்காமல் பள்ளத்துக்குப் போயிருப்பேன்.

8 ஒக்டோபர் 2023

டிஸ்க் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு, யாரும் முதலில் சொல்லாத ஒன்று. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டக்கட்டைக்குள் படுத்திருக்கிறது. அதன் வாயில் ஒரு தடுப்பு வால்வு இருக்கும். டிரம் பிறேக்குக்காகக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது, அதனால் டிரம்முக்கு அது பாதகமில்லை. டிஸ்க்கை உரசும் பிறேக் பாட் கட்டைக்கு ஸ்பிரிங் இல்லை. அந்த அழுத்தம் பாட் கட்டையை டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும். ஓட ஓடச் சூடாகும். ஆகவே அந்த வால்வைக் கழற்றிவிட வேண்டும்.

9 ஒக்டோபர் 2023

நேற்றையதற்குத் திருத்தம். கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாஸ்டர் சிலிண்டர் கலிப்பரைவிடத் தாழ்வில் இருக்கிறது. வால்வே இல்லாவிட்டால் ஒயில் கீழே வடிந்து, கலிப்பர் பிஸ்டன் பின்வாங்கி, முதல் மிதி வெறுமிதியாகலாம். அதற்கு முன்பக்கக் குழாயில் இரண்டு இறாத்தல் வால்வும் பின்பக்க டிரம்முக்குப் பத்து இறாத்தல் வால்வும் தனித்தனியாகப் போடுகிறார்கள். இறாத்தல் என்றது தேங்கும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு. இந்தத் திருத்தத்தைச் சொன்ன ரொறன்ரோ நண்பருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன்.

19 நவம்பர் 2023

டிஸ்க்கா டிரம்மா என்று பத்து மாதம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நாளும் பிழையான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாரி மழை. ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். டிரம்முக்குள் தண்ணீர் போனால் கொஞ்ச நேரம் பிடிக்காது என்பதால், வெள்ளத்தைத் தாண்டியதும் லேசாக மிதித்தபடி ஓட்டி உலர்த்துவது வழக்கம். அப்படித்தான் மிதித்தேன். பெடல் தரை வரை போனது. திரும்ப வரவில்லை.

வேகம் இருபதுதான். புத்தி கைப்பிறேக்கைச் சொல்லும் முன் கால் இரண்டு முறை வீணாக மிதித்துவிட்டது. பிறகு இழுத்தேன், ஈரச் செம்மண்ணில் பின் சில்லுகள் வழுக்கின. பக்கத்து வீட்டு ஆச்சியின் கிடுகு வேலிக்குள் வண்டியின் முகம் போய் நின்றது. "வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது தம்பி" என்றார் ஆச்சி. அறுபது வயதிலும் தம்பி என்று அழைக்க ஒருவர் இருக்கிறார் என்று அந்த நேரத்திலும் ஒரு சந்தோசம்.

பின் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாய், சட்டத்தோடு கிளிப் பிடிக்கும் இடத்தில் துருப்பிடித்து வெடித்திருக்கிறது. கடற்காற்று, கிளிப்புக்கு அடியில் தேங்கும் சேறு. மேலே பார்த்தால் கறுப்புப் பூச்சு வடிவாக இருக்கும். விரலால் அழுத்தினால் மாவு. மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். முன்பக்கம் தங்கத்தில் டிஸ்க் போட்டிருந்தாலும் நான் ஆச்சியின் வேலிக்குள்தான் போயிருப்பேன்.

25 நவம்பர் 2023

வேலி கட்டிக்கொடுத்தாயிற்று. கிடுகு விலை கேட்டால் டிஸ்க் மலிவு.

16 டிசெம்பர் 2023

எல்லாக் குழாயையும் மாற்றுகிறேன். செப்பு நிக்கல் கலப்புக் குழாய், கால் அங்குலத்துக்கும் குறைந்த, மூன்று பதினாறு பங்கு. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். தனிச் செப்பைப் போடாதீர்கள், அதிர்வில் கெட்டியாகி வெடிக்கும். குழாயின் வாயை மடித்து விரிக்கும் கருவியை இரவல் வாங்கினேன். முதல் ஆறு வாய் கோணல். ஏழாவதிலிருந்து எனக்கே என்னைப் பிடித்தது.

கையோடு மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றினேன். கழற்றினேன் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன், இரண்டு நாள். அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீள போல்ட்டையும் உருவ முடியாது, முன் சில்லைத் தாங்கும் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. பாரின் முறுக்கைத் தளர்த்தி, பல் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துவைத்து, அதை ஒதுக்கினால்தான் போல்ட் வெளியே வரும். இடது பாரையும் வலது பாரையும் மாற்றிப் போடக்கூடாது. நான் வலதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

சிலிண்டருக்குள் ஒயில் தேநீர்ச் சாயத்தில் இருந்தது, அடியில் மணல். காலடியில் உள்ள மூடியைத் திறக்கும்போது செருப்பிலிருந்து விழுந்த மண். திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள்.

முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதுதான் அடுத்தது. மாற்றியவர்கள் இருக்கிறார்கள், அதற்குத் தாங்கி செய்ய வேண்டும், பெடல் கம்பியைச் சரிக்கட்ட வேண்டும். பணம் சேரட்டும். அதுவரை கொப்பி ஒன்றில் ஒயில் மட்டத்தை வாராவாரம் எழுதிவைக்கிறேன்.

7 ஜனவரி 2024

கேள்வி கேட்ட தம்பி ஒரு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். முதல் குறிப்பைப் படித்த அன்றே ஷூக்களை இறுக்கினாராம், பிறேக் அப்போதே சரியாகிவிட்டதாம், சொல்ல மறந்துவிட்டாராம். "இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஏன் ஐயா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் பின்பக்கக் குழாயில் கிளிப்புக்கு அடியில் விரலை வைத்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

9 ஜனவரி 2024

குழாய் மாவாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை என் வளவுக்கு வருகிறார். விரிக்கும் கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மாஸ்டர் சிலிண்டரைத் திரும்பப் பூட்டும்போது அந்த இரண்டு போல்ட்டையும் மறுபக்கத்திலிருந்து விட்டேன், நட்டு இப்போது டோர்ஷன் பார் இருக்கும் பக்கம். அடுத்த முறை கழற்றுகிறவர் டோர்ஷன் பாரைத் தொட வேண்டியதில்லை.